பூட்டுவது மட்டும் வேலையில்லை! சிறைத் துறைக்குப் படிக்கும் டெல்டா பிள்ளைகள் கவனத்துக்கு...

விடியற்காலை ஐந்து மணிக்கு தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டு அரங்கத்துப் பக்கம் போனால், நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கு முன்பாகவே ஒரு கூட்டம் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஒரத்தநாடு, திருவையாறு, பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள். அரங்கத்துக்கு வர முடியாதவர்களுக்குக் கல்லணைக் கால்வாய்க் கரையும், அறுவடை முடிந்த வயலும், ஊர்ப் பள்ளிக்கூட மைதானமும் இருக்கின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, குறுவைக்கு விலை கிடைத்ததா, சம்பா மழையில் சாய்ந்ததா என்று வருஷம் முழுக்கக் கவலைப்படும் குடும்பங்களுக்கு, "வீட்டுல ஒரு புள்ளையாவது கவர்மென்ட் வேலைக்குப் போயிடணும்" என்பது பெரிய கனவு.

'எதுக்குப்பா ஓடுறே?' என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்லும் பதில், "போலீஸுக்கு." ஆனால், அவர்கள் எழுதப்போகும் தேர்வு போலீஸுக்கு மட்டுமானது அல்ல. அதே விண்ணப்பம், அதே தேர்வு, அதே ஓட்டம்தான் தீயணைப்புத் துறைக்கும் சிறைத் துறைக்கும். நிறைய பேருக்கு இது தேர்வு முடிவு வந்து, பணி ஆணை கைக்கு வரும்போதுதான் மனதில் பதிகிறது. 'இரண்டாம் நிலை சிறைக் காவலர்' என்று அதில் போட்டிருக்கும். வீட்டில் சந்தோஷமும் குழப்பமும் சேர்ந்தே வரும். "ஜெயில் வேலையாடா?" என்று அம்மா கேட்பார். பெண் பார்க்கப் போகும் இடத்தில் எப்படிச் சொல்வது என்று அப்பா யோசிப்பார்.

'மாமியார் வீடு', 'கம்பி எண்ணுவது', 'களி தின்பது' என்று சிறையைப் பற்றி நம்மிடம் கேலி வார்த்தைகள் ஏராளம். உள்ளே நடக்கும் வேலையைப் பற்றித் தெரிந்தது குறைவு. அந்த வேலைக்கு எப்படிப் போவது, என்ன படிப்பது, போனபின் என்ன செய்ய வேண்டியிருக்கும்? தெரிந்துகொண்டு போகிறவருக்கும் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

முதல் கதவு: பத்தாம் வகுப்பு போதும்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் இதற்கான தேர்வை நடத்துகிறது. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 26, பிற்படுத்தப்பட்ட மற்றும் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், திருநங்கைகளுக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37. சமீபத்திய அறிவிப்புகளில் விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். சம்பள விகிதம் 18,200 ரூபாயில் தொடங்கி 67,100 வரை.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதிகள். முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். இதில் 40 சதவிகிதம், அதாவது 32 மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த விடைத்தாளையே திருத்துவார்கள். இரண்டாவது முதன்மைத் தேர்வு, 70 மதிப்பெண். அதில் பொது அறிவுக்கு 45, 'உளவியல்' என்ற பகுதிக்கு 25. உளவியல் என்ற பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம். தர்க்கக் கேள்விகள், எண் கணக்குகள், தகவலைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகியவைதான் அதில் வரும்.

அடுத்து உடல் தகுதி. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167), பெண்களுக்கு 159 செ.மீ. (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 157). ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடிமுடிக்க வேண்டும். கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம் போன்ற உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 மதிப்பெண். ஆக மொத்தம் 100. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகித முன்னுரிமை உண்டு என்பது, அரசுப் பள்ளியில் படித்த டெல்டா பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. இந்த அளவுகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும்.

இடங்கள் எத்தனை? 2023-ல் வந்த அறிவிப்பில் மொத்தம் 3,359 பணியிடங்கள். அதில் சிறைக் காவலர் வெறும் 86. 2025 அறிவிப்பில் மொத்தம் 3,644. சிறைக் காவலர் 180. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதனால்தான் கோச்சிங் சென்டர்களில்கூட இந்த வேலையைப் பற்றித் தனியாக யாரும் பேசுவதில்லை. பாடத்திட்டத்திலும் சிறை நிர்வாகம் என்று தனிப் பகுதி கிடையாது. சிந்துச் சமவெளியும் சதவிகிதக் கணக்கும் படித்துப் பாஸாகும் ஒருவர், சில மாதங்களில் சாவிக் கொத்தோடு மனிதர்கள் முன்னால் நிற்கப்போகிறார். தேர்வுக்குப் படிப்பது வேறு, வேலைக்குப் படிப்பது வேறு. இரண்டாவது படிப்பை யாரும் சொல்லித் தருவதற்கு முன்பே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பட்டதாரிகளுக்கு மூன்று வழி

தஞ்சை சரபோஜி கல்லூரியிலோ, குந்தவை நாச்சியார் கல்லூரியிலோ, கும்பகோணம் அரசுக் கல்லூரியிலோ ஒரு டிகிரி முடித்தவர்கள் காவலர் நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

ஒன்று, உதவி ஜெயிலர், ஜெயிலர் பதவிகள். இவற்றுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பட்டப் படிப்போடு, சீருடைப் பணி என்பதால் உடல் தகுதியும் பார்ப்பார்கள். இடங்கள் குறைவு. ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. குரூப்-2, குரூப்-4 தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டே இதற்கும் கண் வைத்திருப்பதுதான் சரி.

இரண்டு, நன்னடத்தை அலுவலர். குரூப்-2 தேர்வில் வரும் பதவிகளின் பட்டியலில் 'நன்னடத்தை அலுவலர், சிறைத் துறை' என்றும், 'நன்னடத்தை அலுவலர், சமூகப் பாதுகாப்புத் துறை' என்றும் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். லத்தியும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு சிறைவாசி விடுப்பில் வீட்டுக்குப் போகலாமா, முன்கூட்டியே விடுதலையாகலாமா என்ற கேள்வி வரும்போது, அவருடைய ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது இந்த அலுவலரின் வேலைகளில் ஒன்று. டீக்கடையில் உட்கார்ந்து ஊரின் மனநிலையைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஏற்ற வேலை. சின்னக் குற்றத்துக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், கண்காணிப்பில் வீட்டிலேயே விட்டுத் திருத்தலாம் என்ற எண்ணம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. மத்திய அரசின் நன்னடத்தைச் சட்டம் 1958-ல்தான் வந்தது. சென்னை மாகாணம் அதற்கென்று 1936-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது.

மூன்று, சமூகப் பணியும் உளவியலும். சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கும், உளவியல் படித்தவர்களுக்கும் சிறைத் துறையில் பணியிடங்கள் உண்டு. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப் பணிப் படிப்பு இருப்பதால், டெல்டா பிள்ளைகள் இதற்காக சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. குற்றவியலையே தனிப் படிப்பாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறைகள் இருக்கின்றன. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், குற்றவியல் மற்றும் நீதி குறித்த படிப்புக்கு நாடு முழுக்கப் பேர் பெற்றது.

வேலூரில் ஒரு பள்ளிக்கூடம்

சிறை அதிகாரிகளுக்கென்றே ஒரு பயிற்சி அகாடமி நம் மாநிலத்தில் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. வேலூரில் உள்ள 'சிறைகள் மற்றும் சீர்திருத்த நிர்வாக அகாடமி' 1979-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்தத் தொடங்கிய நிறுவனம். பின்னால் தெலங்கானாவும் சேர்ந்தது. சிறை அதிகாரிகளாகத் தேர்வாகிறவர்கள் இங்கே வந்துதான் சட்டம், குற்றவியல், உளவியல், சிறை நிர்வாகம், உடற்பயிற்சி எல்லாம் கற்கிறார்கள்.

உலகத்தைப் பார்த்தால் இந்த வேலைக்கான படிப்பின் மதிப்பு இன்னும் புரியும். நார்வேயில் சிறைக் காவலராக விரும்புகிறவர், அதற்கென உள்ள கல்லூரியில் சம்பளத்தோடு இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டும். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரில் ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட 'மண்டேலா விதிகள்', சிறைப் பணியாளர்களுக்கு என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்றே பட்டியல் போட்டிருக்கிறது. சட்டம், பணியாளரின் உரிமைகளும் கடமைகளும், சண்டையைப் பேச்சிலேயே தணிக்கும் முறை, முதலுதவி, மனநலப் பிரச்னையைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வருகின்றன.

திருச்சி சிறையும் டெல்டாவும்

தமிழ்நாட்டில் மத்திய சிறைகள் ஒன்பது. புழலில் இரண்டு, பிறகு வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. பெண்களுக்கான தனிச் சிறைகள் புழல், வேலூர், கோவை, திருச்சி, மதுரையில் உள்ளன. டெல்டா மக்களுக்குச் சிறை என்றதும் நினைவுக்கு வருவது திருச்சிதான். 18 முதல் 21 வயதுக்குள் உள்ள இளைஞர்களுக்கான 'பார்ஸ்டல் பள்ளி' என்ற ஏற்பாடும் உண்டு. புதுக்கோட்டையில் இருப்பது அப்படி ஒன்று. குற்றம் செய்த இளைஞனைப் பழைய குற்றவாளிகளோடு சேர்த்து அடைக்காமல், தனியாக வைத்துத் தொழில் கற்றுக்கொடுப்பதுதான் அதன் நோக்கம். 1925-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது.

திருச்சி சிறைக்கு டெல்டா வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சை மாவட்டம் வழியாக வேதாரண்யம் வரை நடந்து உப்பு அள்ளப் போன ராஜாஜி, ஏப்ரல் 30-ம் தேதி கைதாகி, ஆறு மாதத் தண்டனையோடு வந்து சேர்ந்தது இந்தச் சிறைக்குத்தான். திருக்குவளையில் பிறந்த கருணாநிதி, 1953-ல் கல்லக்குடிப் போராட்டத்துக்காக இங்கே அடைக்கப்பட்டார். இருவருமே பிறகு முதலமைச்சர் ஆனார்கள். சிறையில் இருக்கும் ஒருவர் நாளைக்கு என்னவாக வருவார் என்று சாவியை வைத்திருப்பவருக்குத் தெரியாது.

இன்றைக்குத் திருச்சி சிறையில் வயலும் தோட்டமும் உண்டு. சிறைவாசிகளே பயிர் செய்கிறார்கள். சிறைத் துறை நடத்தும் 'சிறைச் சந்தை'யில் அவர்கள் கையால் செய்த பொருட்கள் விற்பனைக்கு வருகின்றன. இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து சிறைத் துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவர்கள் சிறைவாசிகள்தாம். சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பில் மதில் இல்லாத திறந்தவெளிச் சிறையே இருக்கிறது. நன்னடத்தை உள்ள சிறைவாசிகள் அங்கே விவசாயம் செய்கிறார்கள். நாற்று விடவும், களை பறிக்கவும், மடை திருப்பவும் தெரிந்த ஒரு தஞ்சாவூர்ப் பிள்ளை இந்த இடங்களில் காவலராகப் போனால், அவர் வயலில் கற்றதும் வேலைக்கு உதவும்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

இந்த வேலைக்கு வர நினைப்பவர் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். சிறைகளின் கொள்ளளவு 4,36,266 மட்டுமே. நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். அதைவிட முக்கியமானது, அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். அவர்கள் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை.

வரப்புத் தகராறில் அரிவாளைத் தூக்கியவர், மணல் அள்ளிப் பிடிபட்டவர், குடித்துவிட்டு அண்ணன் தம்பியோடு அடித்துக்கொண்டவர், பெட்டி வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டவர் என்று எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். சிலருக்கு ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைத்திருக்க மாட்டார். சிலருக்கு வக்கீல் யார் என்றே தெரியாது. வேதாரண்யத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ அதிகாலை பஸ் ஏறி, 'மனு' போட்டுப் பார்க்க வரும் தாயோ மனைவியோ, "எப்பங்க வெளிய விடுவாங்க?" என்று முதலில் கேட்பது வாசலில் நிற்கும் காவலரிடம்தான். நீதிபதியை அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்ப்பார்கள். காவலரை ஒவ்வொரு முறையும் நேரில் பார்ப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு "எனக்குத் தெரியாது, போம்மா" என்று ஒரு காவலர் பதில் சொல்லலாம். சட்டம் படித்த காவலர் வேறு பதில் சொல்ல முடியும்.

நாள் எண்ணத் தெரிய வேண்டும்

2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' வந்துவிட்டது. அதன் 479-வது பிரிவு சிறைத் துறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது.

இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாத ஒருவர், தன் மீதான குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், நீதிமன்றம் அவரைப் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதி. உதாரணமாக, சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள் என்றால், முதல்முறை சிக்கியவருக்கு ஓர் ஆண்டு முடிந்ததுமே இந்த உரிமை வந்துவிடுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் அனுப்பும் பொறுப்பைச் சட்டம் வக்கீலிடம் கொடுக்கவில்லை. சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருக்கிறது. அவர் அதைச் செய்ய வேண்டுமானால், பதிவேட்டில் தேதிகள் சரியாக இருக்க வேண்டும். எந்தத் தேதியில் உள்ளே வந்தார், எந்தப் பிரிவு, வேறு வழக்கு உண்டா என்பதையெல்லாம் பிழையில்லாமல் எழுதி வைக்கும் பொறுப்பு கீழ்நிலைப் பணியாளர்கள் வரை வந்து சேரும். ஒரு தேதியைத் தவறாக எழுதினால், ஒரு மனிதர் கூடுதலாகச் சில மாதங்கள் உள்ளே இருக்க நேரிடும். அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவது யார் பொறுப்பு?

இலவச சட்ட உதவியும் அப்படித்தான். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவரும் வருமானக் கணக்கு இல்லாமல் இலவச வக்கீல் கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற உதவி எண்ணும் உண்டு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, மனு பார்க்க வந்த அம்மாவின் கையில் கொடுக்க ஒரு காவலருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

படிக்க வேண்டியவை என்னென்ன?

ஒன்று, அடிப்படைச் சட்டங்கள். 1894-ம் ஆண்டு சிறைச் சட்டம், 1983-ம் ஆண்டு தமிழ்நாடு சிறை விதிகள், சிறை விடுப்புக்கான 1982-ம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய குற்ற விசாரணை முறைச் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். பிரிவு எண்கள் மாறிவிட்டன.

இரண்டு, முக்கியமான தீர்ப்புகள். சிறைக்குள் போனாலும் ஒருவரின் அடிப்படை உரிமைகள் வாசலிலேயே கழன்று விழுந்துவிடாது என்று உறுதி செய்த 1978-ம் ஆண்டு சுனில் பத்ரா வழக்கு. அதில் தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான வி.ஆர்.கிருஷ்ணய்யர், தானே ஒருகாலத்தில் சிறையில் இருந்தவர். 1957-ல் கேரள அமைச்சரவையில் சிறைத் துறையையும் கவனித்தவர். பெண் சிறைவாசிகள் ஆறு வயது வரை குழந்தையைத் தங்களோடு வைத்திருக்கலாம், அந்தக் குழந்தைகளுக்கான உணவு, மருத்துவம், படிப்பை அரசு கவனிக்க வேண்டும் என்று சொன்ன 2006-ம் ஆண்டுத் தீர்ப்பும் முக்கியம். பெண் காவலராகப் போகிறவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டியது அது.

மூன்று, 2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரித்துக்கொடுப்பதும், சாதி பார்த்துத் தனித்தனியாக அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. ஊரில் தெருவுக்குத் தெரு என்னென்ன பார்த்து வளர்ந்திருந்தாலும், சிறை வாசலைத் தாண்டும்போது காவலர் அதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். இது அறிவுரை அல்ல, சட்டம்.

நான்கு, கணினி. இன்றைய சிறைப் பதிவுகள் 'இ-பிரிசன்ஸ்' என்ற மென்பொருளுக்கு வந்துவிட்டன. வீடியோ கான்ஃபரன்ஸ் மூலம் நீதிமன்ற விசாரணை நடக்கிறது. தட்டச்சு தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

ஐந்து, மனித மனம். முதல் ராத்திரி சிறையில் தூங்க முடியாமல் உட்கார்ந்திருப்பவரை அடையாளம் காண்பது, மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனவரிடம் பேசுவது, இரண்டு பேர் முறைத்துக்கொள்வதைக் கைகலப்பாவதற்கு முன்பே கவனிப்பது. இதற்கெல்லாம் கைடு புத்தகம் கிடையாது. ஆனால், மனநல முதலுதவி பற்றிய எளிய புத்தகங்களும் இலவச ஆன்லைன் வகுப்புகளும் இருக்கின்றன.

சுலபமான வேலை இல்லை

எல்லாம் நல்லபடியாகவே இருக்கும் என்று சொல்லி யாரையும் அனுப்பக் கூடாது. சிறைக்குத் தீபாவளி, பொங்கல் லீவு கிடையாது. ராத்திரி ஷிஃப்ட் உண்டு. மாநிலத்தில் எந்தச் சிறைக்கும் போஸ்ட்டிங் போடலாம். கும்பகோணத்துப் பிள்ளை புழலுக்கும், மன்னார்குடிப் பெண் கோவைக்கும் போக நேரிடும். உள்ளே செல்போன், கஞ்சா கொண்டுவரச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள். "சார், ஒரு பீடிதானே" என்றுதான் அது ஆரம்பிக்கும். ஒருமுறை கை நீட்டியவர், அதற்குப் பின் அவர் பூட்டி வைத்திருப்பவர்களுக்கே கைதி. கை நீட்டுவதைப்போலவே கை ஓங்குவதும் ஆபத்து. சிறைக்குள் நடக்கும் அடிக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விண்ணப்பிக்கும்போது ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. உங்கள் மீது எப்போதாவது வழக்குப் பதிவாகியிருந்தால், அது ஊர்த் திருவிழாச் சண்டை வழக்காக இருந்தாலும், விவரத்தை மறைக்காதீர்கள். காவல்துறை சரிபார்ப்பில் அது தெரிந்துவிடும். மறைத்தது தெரிந்தால் வந்த வேலை கைவிட்டுப் போகும். அதேபோல், "இத்தனை லட்சம் கொடுத்தால் வேலை" என்று வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். காணி நிலத்தை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்களின் கதை டெல்டாவுக்குப் புதிதல்ல. பயிற்சிக்குப் பணம் இல்லாதவர்களுக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடக்கின்றன.

பதவி உயர்வும் உண்டு. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்று மேலே போகலாம். பணியில் இருந்துகொண்டே டிகிரி முடித்து, உதவி ஜெயிலர் தேர்வுக்குத் தயாராகவும் செய்யலாம்.

வீட்டிலிருப்பவர்களும் செய்யலாம்

சிறைத் துறைக்குப் போகாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத் துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் 2023-ல் அரங்கு அமைத்து, சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடமிருந்து புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது. படித்து முடித்து அலமாரியில் தூங்கும் கதைப் புத்தகமும், பிள்ளைகள் பாஸாகித் தாண்டிவிட்ட பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகமும் அங்கே ஒருவருக்குத் தேவைப்படலாம். சிறையிலிருந்தே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிப் பாஸாகிறவர்களைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு நேரத்தில் செய்தி வருகிறதே, அவர்கள் படித்தது இப்படி வந்த புத்தகங்களிலும்தான்.

அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, 'எது கிடைச்சாலும் சரி' என்று விண்ணப்பிக்காமல், சிறைத் துறை வேலை தனக்கு ஒத்துவருமா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கோபம் சட்டென வருகிறவரா, பிறர் கஷ்டத்தைக் கேட்கப் பொறுமை இருக்கிறதா, தேதியும் கணக்கும் துல்லியமாக வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலும் பேசிவிடுங்கள். தண்டனை கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை, அது முடிந்துவிட்டது அல்லது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. காவலரின் வேலை, உள்ளே வந்தவர் திரும்பிப் போகிற நாள் வரை அவரை உயிரோடும், மானத்தோடும், சரியான தேதியோடும் வைத்திருப்பது. ஆயுள் தண்டனைக் கைதிகளில்கூடப் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் வெளியே வந்து, நம் ஊர் பஸ்ஸில், நமக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காரப்போகிறார்கள். அவர்கள் எப்படிப்பட்ட மனிதராகத் திரும்பி வருகிறார்கள் என்பதில், சாவி வைத்திருந்தவருக்கும் ஒரு பங்கு உண்டு.